முதியோருக்கான மருந்துக் குறும்பாடங்கள்: அறிவுறுத்தல் மொழியின் அமைப்பும் பயனும்

ஆய்வுச் சுருக்கம்

நீண்டகால நோய்களுக்காக நாள்தோறும் மருந்து உட்கொள்ளும் முதியோர், மருந்தை உரிய அளவில் உரிய நேரத்தில் எடுத்துக்கொள்ளத் துணைபுரியும் சிறு கல்விப் பாடங்களை மொழிநோக்கில் இக்கட்டுரை விளக்குகிறது. மருந்து தொடர்பான அறிவுறுத்தல் பெரும்பாலும் மருத்துவத்துறையின் பொருளாகவே கருதப்படுகிறது. ஆயினும், மருத்துவர் கருதிய பொருளும் முதியவர் கொண்ட பொருளும் வேறுபடும் இடங்களில் பல சொல்லிலும் தொடரிலும் தங்கியுள்ளன. 'வேளை', 'வெறும் வயிறு', 'போடுதல்', 'இரத்தக் கொதிப்பு' போன்ற வழக்குகள் அவ்வேறுபாட்டிற்குச் சான்றுகளாக எடுத்துக்கொள்ளப்படுகின்றன. ஒரு பாடம் ஒரே செயலைக் கற்பிப்பதாகவும், அச்செயலை முதியவரின் அன்றாட நிகழ்வொன்றோடு பிணைப்பதாகவும், அவரையே சொல்லிக் காட்டவும் செய்து காட்டவும் வைப்பதாகவும் அமையும்போதே பயன் தரும் என்பது இக்கட்டுரையின் துணிபு.

திறவுச்சொற்கள்: முதியோர், மருந்து உட்கொள்ளல், குறும்பாடம், அறிவுறுத்தல் மொழி, சொல்லிக்காட்டல் முறை, நலவாழ்வுத் தொடர்பாடல்.

முன்னுரை

இந்தியாவில் 60 வயது நிறைந்தோர் மூத்த குடிமக்களாகக் கொள்ளப்படுகின்றனர். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டு மக்களுள் அவர்தம் பங்கு 10.4 விழுக்காடாகும். இரத்த அழுத்தம், நீரிழிவு, இதயநோய், மூட்டுவாதம் ஆகியவை இவ்வயதில் ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்கின்றன. நோய்கள் சேரச் சேர மாத்திரைகளும் சேர்கின்றன. நாளொன்றுக்கு ஐந்தாறு வகை மாத்திரைகளை மூன்று வேறு நேரங்களில் எடுத்துக்கொள்வது பல வீடுகளில் இயல்பாகிவிட்டது.

மருந்தை வழங்குவது ஒன்று. வழங்கிய மருந்து உரிய முறையில் உடலுக்குள் செல்வது மற்றொன்று. உலக நலவாழ்வு நிறுவனம் 2003ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கை, வளர்ந்த நாடுகளிலேயே நீண்டகால நோயாளருள் ஏறத்தாழப் பாதிப்பேர்தாம் மருந்தை அறிவுறுத்தியவாறு உட்கொள்கின்றனர் என்று குறிப்பிட்டது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பெற்ற 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம், இரத்த அழுத்தம், நீரிழிவு ஆகியவற்றிற்கான மருந்துகளை வீட்டு வாசலுக்கே கொண்டுசேர்க்கிறது. இதனால் மருந்து கிடைப்பதில் இருந்த தடை பெரிதும் குறைகிறது. அடுத்து எஞ்சுவது, திண்ணையில் அமர்ந்திருக்கும் முதியவரிடம் அம்மருந்தைப் பற்றி எதை, எவ்வாறு, எத்தனை சொற்களில் சொல்வது என்னும் வினா. இவ்வினா தமிழ் ஆய்வுக்கும் உரியதே.

படித்தலும் செய்தலும்

மருந்து அறிவுறுத்தலைப் புரிந்துகொள்வது என்பதில் இரண்டு படிகள் உள்ளன. சொற்களைப் படித்தோ கேட்டோ திருப்பிச் சொல்லுதல் முதற்படி. அச்சொற்களைச் செயலாக மாற்றுதல் இரண்டாம் படி. இவ்விரண்டிற்கும் இடையிலுள்ள தொலைவை 2006ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு தெளிவாகக் காட்டியது. 395 நோயாளரிடம் மருந்துப் புட்டிகளின் மேலுறைகள் காட்டப்பட்டன. 'இரண்டு மாத்திரைகளை நாளுக்கு இரண்டு முறை வாய்வழி உட்கொள்ளவும்' என்னும் பொருள்பட்ட தொடரை, எழுத்தறிவு குறைந்தோருள் 70.7 விழுக்காட்டினர் சரியாகச் சொன்னார்கள். ஆயின், ஒரு நாளுக்கு மொத்தம் எத்தனை மாத்திரைகள் என்று எண்ணி எடுத்துக் காட்டச் சொன்னபோது 34.7 விழுக்காட்டினரால் மட்டுமே அதைச் செய்ய முடிந்தது. தொடரில் அரிய சொல் எதுவும் இல்லை. 'இரண்டு' என்னும் எண் ஒரே தொடரில் இருவேறு பணிகளைச் செய்ததே இடர்ப்பாட்டிற்குக் காரணமாகலாம்.

இந்தியச் சூழலில் இத்தொலைவு இன்னும் நீள்கிறது. 1945ஆம் ஆண்டு மருந்து விதிகள், மருந்தின் பெயர், தொகுதி எண், உற்பத்தி நாள், காலாவதி நாள் முதலியவற்றை மேலுறையில் அச்சிடப் பணிக்கின்றன. குறிப்பிட்ட ஒரு நோயாளர் எப்போது, எத்தனை எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது மாத்திரை அட்டையில் இருப்பதில்லை. அது மருந்துச் சீட்டில் உள்ளது. சீட்டிலோ 'ஓ.டி.', 'பி.டி.', 'டி.டி.எஸ்.' போன்ற சுருக்கக்குறிகளாகவோ, '1-0-1' என்னும் எண்வரிசையாகவோ உள்ளது. காலை, மதியம், இரவு என்னும் மூன்று தலைப்புகளை மனத்தில் வைத்துக்கொண்டாலன்றி '1-0-1' என்பது பொருள்படாது. '½' என்னும் குறி ஒன்று என்றும் இரண்டு என்றும் படிக்கப்படக்கூடும். 'அரை' என்று எழுத்தால் எழுதினால் இம்மயக்கம் எழாது. அட்டையைக் கத்தரித்துத் தேவையான எண்ணிக்கையை மட்டும் கொடுக்கும்போது மருந்தின் பெயரும் காலாவதி நாளும் வெட்டுப்பட்டுப் போவதுண்டு. அப்போது முதியவரிடம் எஞ்சுவது நிறமும் வடிவமும் நினைவுமே. அடுத்த முறை வேறு நிறுவனத்தின் மாத்திரை வந்தால், 'வெள்ளை மாத்திரை காலைக்கு, மஞ்சள் மாத்திரை இரவுக்கு' என்று அவர் அமைத்துக்கொண்ட முறை முற்றிலும் குலைந்துவிடும்.

தமிழ் மரபில் மருந்தறிவுறுத்தல்

மருந்தை எவ்வாறு உட்கொள்வது என்னும் அறிவுறுத்தல் தமிழ்ச் சமூகத்திற்குப் புதியதன்று. திருக்குறளின் 95ஆம் அதிகாரமாகிய 'மருந்து' பெரிதும் உணவின் அளவையும் பசியின் காலத்தையும் பற்றியே பேசுகிறது. அதன் இறுதிக்குறள் மருத்துவத்தை நோயுற்றவர், மருத்துவர், மருந்து, உடனிருந்து உதவுபவர் என நான்கு கூறுகளாகப் பகுக்கிறது. நான்காம் கூறு இங்குக் கருதத்தக்கது. மருந்தைக் காலமறிந்து எடுத்துக் கொடுப்பவர் மருத்துவத்தின் ஓர் உறுப்பாகவே வைத்து எண்ணப்பட்டுள்ளார். இன்று வீடுவீடாகச் செல்லும் பெண் நலவாழ்வுத் தன்னார்வலரும், மருந்துக்கடையின் மருந்தாளுநரும், வீட்டில் மாத்திரை எடுத்துக் கொடுக்கும் மருமகளும் பேரனும் இவ்விடத்தில் நிற்பவர்களே. 2015ஆம் ஆண்டு மருந்தியல் நடைமுறை ஒழுங்குவிதிகள், நோயாளருக்கு மருந்து பற்றி எடுத்துரைத்தலை மருந்தாளுநரின் பொறுப்பாக வகுத்திருப்பதும் இதனோடு ஒப்புநோக்கத்தக்கது.

'மாத்திரை' என்னும் சொல் அளவு என்னும் பொருளது. இலக்கணத்தில் எழுத்தொலியின் கால அளவைக் குறிக்கும் அச்சொல்லே, மருத்துவ வழக்கில் அளவிட்டு உருட்டிய மருந்தையும் குறித்தது. சித்த மருத்துவ அறிவுறுத்தல் மருந்தின் பெயரோடு நில்லாது, அளவு, காலம், துணைமருந்தாகிய அனுபானம், பத்தியம், உட்கொள்ள வேண்டிய நாள்களின் எண்ணிக்கை ஆகியவற்றையும் சேர்த்தே சொல்லும் இயல்புடையது. மருந்தைத் தேனிலோ நெய்யிலோ வெந்நீரிலோ குழைத்துக் கொள்ளச் சொல்லும்போது, உட்கொள்ளும் செயல் கையில் நிகழும் ஒரு காட்சியாகவே மனத்தில் பதிகிறது. இன்றைய குறும்பாடம் இம்மரபிலிருந்து கொள்ளத்தக்க கூறு இது.

இம்மரபில் கவனத்தோடு அணுகவேண்டிய கூறும் உண்டு. 'ஒரு மண்டலம்' மருந்து உண்பது என்னும் வழக்கு, மருந்திற்கு ஒரு தொடக்கமும் முடிவும் உண்டு என்னும் எண்ணத்தைத் தருகிறது. காய்ச்சலுக்கும் புண்ணுக்கும் இது பொருந்தும். இரத்த அழுத்தத்திற்கும் நீரிழிவிற்குமான மருந்துகள் நோயைத் தீர்த்து முடிப்பவை அல்ல; உட்கொள்ளும் வரை கட்டுக்குள் வைப்பவை. 'குணமாகிவிட்டது' என்பதும் 'கட்டுக்குள் இருக்கிறது' என்பதும் வேறுவேறு நிலைகள். சோதனையில் அளவு சரியாக வந்ததும் 'எல்லாம் நன்றாக இருக்கிறது' என்று மருத்துவமனையில் சொல்லப்படும் நற்சொல், வீட்டிற்கு வந்தபின் 'இனி மாத்திரை வேண்டியதில்லை' என்னும் முடிவாக மாறிவிடக்கூடும். 'மாத்திரை போடுவதால் நன்றாக இருக்கிறது' என்று காரணத்தையும் சேர்த்துச் சொன்னால் அத்தவறான முடிவிற்கு இடமில்லை.

நோய்ப்பெயர் தரும் பொருள்

நோயின் பெயரே மருந்தைப் பற்றிய எண்ணத்தை உருவாக்குகிறது. 'இரத்தக் கொதிப்பு' என்னும் பெயர் இதற்குச் சிறந்த சான்று. கொதிப்பு என்பது உணரக்கூடியது. தலை சூடாவதும், சினம் வருவதும், படபடப்பதும் அதன் அடையாளங்களாகக் கொள்ளப்படுகின்றன. இப்பெயரை நம்பும் ஒருவர், கொதிப்பை உணரும் நாளில் மாத்திரை எடுத்துக்கொள்வதும், உடல் அமைதியாக இருக்கும் நாளில் விட்டுவிடுவதும் அவரளவில் அறிவுக்குப் பொருந்திய செயலே. ஆனால் உயர் இரத்த அழுத்தம் பெரும்பாலும் எந்த அடையாளமும் இன்றியே இருப்பது. பக்கவாதமோ மாரடைப்போ வரும்வரை அது தன்னைக் காட்டாமல் இருக்கக்கூடும். எனவே, 'உடம்புக்குத் தெரியாது. கருவிக்குத்தான் தெரியும்' என்னும் கருத்து இரத்த அழுத்தம் பற்றிய முதற்பாடமாக அமைய வேண்டும்.

'சர்க்கரை நோய்' என்னும் பெயரும் இவ்வாறே. இனிப்பை நிறுத்தினால் போதும், மாத்திரை அதற்கடுத்ததே என்னும் எண்ணத்திற்கு அது இடந்தருகிறது. 'இங்கிலீஷ் மருந்து சூடு' என்னும் பரவலான கருத்து, கோடையில் மருந்தைக் குறைத்துக்கொள்ளக் காரணமாகலாம். இவற்றை மூடநம்பிக்கை என ஒதுக்கும் பாடம் தோற்கும். சூடு, குளிர்ச்சி என்பன முதியவர் தம் உடலைப் படித்தறியும் மொழி. 'சூடாக இருப்பதுபோல் தோன்றினால் மாத்திரையை நிறுத்தாமல், அதை மருத்துவரிடம் சொல்லுங்கள். மாற்றிக் கொடுப்பார்' என்று அம்மொழிக்குள்ளிருந்தே வழிகாட்டுவது ஏற்புடையது.

சொல்நிலைச் சிக்கல்கள்

அறிவுறுத்தலில் அடிக்கடி வரும் எளிய சொற்களே மிகுதியாக இடறச் செய்கின்றன.

அ. வேளை: 'மூன்று வேளை' என்பது பேச்சுவழக்கில் மூன்று உணவு நேரங்களைக் குறிக்கும். காலையில் காபியோடு நிறுத்தி, பதினொரு மணிக்கும் இரவிலும் மட்டும் உண்ணும் முதியவருக்கு நாளில் இரண்டு வேளைகளே உள்ளன. எட்டு மணிநேர இடைவெளியில் எடுக்கவேண்டிய மருந்தை 'மூன்று வேளை' என்று மட்டும் சொன்னால், ஒரு வேளை விடுபடுகிறது அல்லது இரண்டு வேளைகள் நெருங்கிவிடுகின்றன. ஆதலின், வேளையின் எண்ணிக்கையைச் சொல்லும் முன்பு, அவர் எப்போது எழுகிறார், எப்போது உண்கிறார், எப்போது படுக்கிறார் என்று கேட்டறிவது முறை.

ஆ. வெறும் வயிறு: தமிழில் 'சாப்பிடுதல்' என்பது சோறு, இட்லி போன்ற உணவையே முதன்மையாகக் குறிக்கிறது. காபி, தேநீர், இரண்டு பிஸ்கட் ஆகியவற்றிற்குப் பின்னரும் 'இன்னும் ஒன்றும் சாப்பிடவில்லை' என்பது வழக்கு. தைராய்டு சுரப்புக் குறைவிற்கான லெவோதைராக்சின் மாத்திரையைத் தண்ணீரோடு மட்டும் எடுத்து, அரைமணி முதல் ஒரு மணிநேரம் வரை காபியையும் தவிர்க்க வேண்டும். 'வெறும் வயிற்றில்' என்னும் தொடரில் காபி விலக்கப்படவில்லை. 'எழுந்ததும் தண்ணீரோடு மாத்திரை; காபி அதற்கு ஒரு மணிநேரம் கழித்து' என்னும் தொடரே முழுமையான அறிவுறுத்தல்.

இ. போடுதல்: 'மருந்து போடு' என்னும் வழக்கு விழுங்குதல், தடவுதல், சொட்டுவிடுதல், ஊசி ஏற்றுதல் ஆகிய அனைத்தையும் குறிக்கும். நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் வைத்துக் கரையவிடவேண்டிய மாத்திரையை 'வலி வந்தால் போடுங்கள்' என்று சொன்னால், விழுங்கிவிடுவதற்கு எல்லா வாய்ப்பும் உண்டு. மெதுவாகக் கரைந்து நாள்முழுதும் வேலைசெய்யும்படி அமைக்கப்பட்ட மாத்திரைகளை உடைத்தோ பொடித்தோ விழுங்குவது, முழு அளவையும் ஒரே நேரத்தில் உடலில் இறக்கிவிடும். விழுங்குக, மெல்லுக, நாக்கின் அடியில் வைக்க, உறிஞ்சுக, தடவுக எனச் செயலுக்கேற்ற வினைச்சொல்லைத் தேர்வது இங்கு நடை சார்ந்த தெரிவு மட்டுமன்று. நோயாளரின் பாதுகாப்பும் அதில் அடங்கியுள்ளது.

ஈ. கால இடைவெளி: மூட்டுவாதத்திற்குத் தரப்படும் மெத்தோட்ரெக்சேட் வாரத்திற்கு ஒரு நாள் மட்டுமே உட்கொள்ளத்தக்கது. அதனை நாள்தோறும் உட்கொண்டால் எலும்பு மச்சை பாதிக்கப்பட்டு உயிரிழப்பும் நேரலாம். 'வாரம் ஒன்று' என்று சொல்வதைவிட 'ஞாயிற்றுக்கிழமை மட்டும்' என்று கிழமையின் பெயரைச் சுட்டுவது பாதுகாப்பானது. 'ஒன்றுவிட்டு ஒரு நாள்' என்பதையும் இவ்வாறே கிழமைகளாகப் பிரித்துச் சொல்லலாம்.

உ. எதிர்மறைத் தொடர்: 'சாப்பிடாமல் இதைப் போடக்கூடாது' என்னும் இரட்டை எதிர்மறையில், செவித்திறன் குறைந்த முதியவர் 'சாப்பிடாமல்', 'போட' என்னும் இரண்டை மட்டும் பற்றிக்கொள்ளக்கூடும். 'சாப்பிட்ட பிறகு போடுங்கள்' என்னும் உடன்பாட்டுத் தொடர் அவ்விடர்ப்பாட்டை நீக்கும்.

குறும்பாடத்தின் கட்டமைப்பு

குறும்பாடம் என்பது மூன்று முதல் ஐந்து நிமிடங்களுக்குள் முடிவதும், ஒரே செயலை இலக்காகக் கொள்வதுமான கற்பித்தல் அலகாக இங்குக் கொள்ளப்படுகிறது. எழுத்தறிவிக்கும் இயக்கங்கள் வழி இத்தகைய அலகு தமிழ்நாட்டில் முன்பே பழகியது. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை உள்ளிட்ட மாவட்டங்களில் நடைபெற்ற அறிவொளி இயக்கத்தில், பகலெல்லாம் உழைத்தவர்கள் மாலையில் சிறுசிறு பாடங்களாகக் கற்றனர். அன்று இளவயதினராக இருந்தோர் பலர் இன்று மாத்திரை உட்கொள்ளும் வயதை எட்டியுள்ளனர்.

கல்வி மட்டும் போதுமா என்னும் வினாவிற்கு ஆய்வுலகம் எச்சரிக்கையோடே விடை தருகிறது. பல மருந்துகளை உட்கொள்ளும் முதியோர் குறித்து 50 ஆய்வுகளைத் தொகுத்து 2020ஆம் ஆண்டு வெளியான காக்ரேன் முறைசார் மீளாய்வு, பழக்கத்தை அமைக்கும் முயற்சிகளும், கல்வியும் பழக்கமும் இணைந்த முயற்சிகளும் மருந்து உட்கொள்ளலை மேம்படுத்தக்கூடும் என்றும், கல்வியை மட்டும் கொண்ட முயற்சிகளுக்கான சான்று மிக வலுவற்றது என்றும் கண்டது. தகவலைச் சொல்லிவிட்டு எழும் பாடம் போதாது. தகவல் ஒரு பழக்கமாக நிலைபெற வேண்டும் என்பதே இதன் உட்பொருள். இவ்வடிப்படையில் குறும்பாடத்திற்கு ஐந்து உறுப்புகளை வகுக்கலாம்.

1. பெயரும் காரணமும்: மாத்திரையைக் கையில் காட்டி, அது எதற்கு என்று ஒரே தொடரில் சொல்லுதல்.
2. செயல்: எத்தனை, எவ்வாறு என்பதை உரிய வினைச்சொல்லால் சொல்லுதல்.
3. கொளுவி: பல் துலக்குதல், விளக்கேற்றுதல், தொழுகை, இரவு உணவு என முதியவர் தவறாது செய்யும் ஒரு செயலோடு மாத்திரையைப் பிணைத்தல்.
4. தவறினால்: ஒரு வேளை விடுபட்டால் செய்யவேண்டியது, குறிப்பாக, இரண்டு வேளை மாத்திரைகளைச் சேர்த்து எடுக்காதிருத்தல்.
5. சொல்லிக்காட்டல்: முதியவரே சொல்லியும் எடுத்தும் காட்டுதல்.

மூன்றாம் உறுப்பு பழக்கத்தை அமைப்பது. கடிகார நேரம் நினைவை நம்பியிருப்பது. கொளுவியோ முன்பே உள்ள பழக்கத்தை நம்பியிருப்பது. 'இரவு எட்டு மணிக்கு' என்பதைவிட 'இரவுச் சாப்பாட்டுத் தட்டைக் கழுவியதும்' என்பது பலருக்கு உறுதியான நேரமாகும்.

மாதிரிப் பாடங்கள்

மேற்கண்ட உறுப்புகள் ஒன்றிணையும் முறையை விளக்குவதற்காக அமைக்கப்பட்ட இரு பாடங்கள் கீழே தரப்படுகின்றன. மருந்தளவும் தவறினால் செய்யவேண்டியதும் மருத்துவரின் அறிவுறுத்தலுக்கேற்ப மாறும்.

பாடம் 1: இரத்த அழுத்த மாத்திரை

"அம்மா, இது பிரஷர் மாத்திரை. பிரஷர் ஏறியிருப்பது உடம்புக்குத் தெரியாது, கருவிக்குத்தான் தெரியும். அதனால் நன்றாக இருக்கிற நாளிலும் இதைப் போடுங்கள். தினமும் காலையில் ஒன்று, தண்ணீரோடு விழுங்குங்கள். காலையில் பல் துலக்கியதும் போட்டுவிடலாம். பற்பொடி டப்பா பக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் மறந்துவிட்டால் மறுநாள் ஒன்றே போதும், இரண்டு வேண்டாம். நான் ஒழுங்காகச் சொன்னேனா என்று பார்க்கவேண்டும். நாளைக் காலையில் என்ன செய்வீர்கள், ஒருமுறை சொல்லுங்கள் அம்மா."

பாடம் 2: சர்க்கரை மாத்திரையும் விரத நாளும்

"ஐயா, இந்த மாத்திரை இரத்தத்தில் சர்க்கரையை இறக்கும். சாப்பாடு உள்ளே போனால்தான் இதற்கு வேலை. சாப்பிடாமல் இருந்துவிட்டால் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கிவிடும். கை நடுங்கும், வியர்க்கும், கண் இருட்டும். அப்படி வந்தால் உடனே சர்க்கரை கரைத்த தண்ணீர் குடித்துவிட்டு, பக்கத்தில் இருப்பவரைக் கூப்பிடுங்கள். விரதம் இருக்கப் போகிறீர்கள் என்றால் அதற்கு முன்பே டாக்டரிடம் கேட்டு, அந்த நாளுக்கு என்ன செய்வது என்று தெரிந்துகொள்ளுங்கள். அடுத்த விரதம் எப்போது ஐயா? அதற்கு முன்னால் யாரிடம் கேட்பீர்கள்?"

இரண்டாம் பாடம் கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகளை உட்கொள்வோருக்கு உரியது. சனிக்கிழமை விரதமும் ஏகாதசியும் ரமலான் நோன்பும் இருக்கும் சமூகத்தில், 'விரதம் கூடாது' என்னும் ஒற்றைத் தடைச்சொல் பயன்படாது. விரதத்தை மறைத்துவிட்டு மாத்திரையை விழுங்கும் நிலையையே அது உருவாக்கும்.

விளியும் சொல்லிக்காட்டலும்

பாடத்தின் இறுதியில் 'புரிந்ததா?' என்று கேட்பது பெருவழக்கு. இதற்கு வரும் 'சரிங்க' என்னும் விடை, புரிதலைக் காட்டிலும் மரியாதையையே மிகுதியாக உணர்த்துகிறது. படித்தவர் எதிரில் 'புரியவில்லை' என்று சொல்வது அவர் நேரத்தை வீணாக்குவதாகவோ, தம் அறியாமையைக் காட்டிக்கொள்வதாகவோ முதியவர் கருதலாம். சொல்லிக்காட்டல் முறை இச்சிக்கலைப் பொறுப்பை இடம்மாற்றித் தீர்க்கிறது. 'நீங்கள் புரிந்துகொண்டீர்களா' என்பது முதியவரைச் சோதிக்கிறது. 'நான் ஒழுங்காகச் சொன்னேனா' என்பது சொல்பவரைச் சோதிக்கிறது. இரண்டாம் வடிவில், முதியவர் தவறாகச் சொன்னாலும் குறை அவருடையதாகாது. பாடம் மீண்டும் சொல்லப்படுகிறது, அவ்வளவே.

விளிச்சொல்லும் இதில் பங்கு கொள்கிறது. பாடம் சொல்பவர் பெரும்பாலும் மகள் வயதினர். அம்மா, ஐயா, ஆத்தா, அப்பத்தா, பாட்டி, தாத்தா என வட்டாரத்திற்கும் வீட்டிற்கும் ஏற்ற விளி, அறிவுறுத்தலைக் கட்டளையாகாமல் காக்கிறது. அச்சுத்தாளில் வரும் 'உட்கொள்ளவும்' என்னும் வியங்கோள் வடிவம் யாரையும் விளிக்காத பொதுவடிவம். வாய்மொழிப் பாடத்தில் 'போடுங்கள்', 'வையுங்கள்' என்னும் மரியாதைப் பன்மையே இயல்பு. 'மறந்துவிட்டீர்களா?' என்னும் வினா வெட்கத்தைத் தூண்டி 'இல்லை' என்னும் விடையையே வரவழைக்கும். 'நேற்று இரவு எதைப் போட்டீர்கள், எடுத்துக் காட்டுங்கள்' என்பது உண்மையை வெளிக்கொணரும்.

பாடத்தின் எல்லைகள்

மருந்து தவறுவதற்கான காரணங்கள் அனைத்தும் அறியாமையில் அடங்குவன அல்ல. அட்டையிலுள்ள எழுத்தைக் காணமுடியாத கண், அட்டையைப் பிதுக்க முடியாத விரல், விழுங்க இயலாத தொண்டை, மாதக் கடைசியில் மருந்து வாங்கப் பணமின்மை, மறதிநோய் ஆகியவற்றைப் பாடத்தால் தீர்க்க முடியாது. இத்தகையோருக்கு வேளைவாரியாகப் பிரித்த மாத்திரைப் பெட்டியும், எடுத்துக் கொடுக்கும் ஒரு கையும் தேவை. அந்நிலையில் பாடத்தைக் கேட்கவேண்டியவர் உடனிருப்பவரே. மருத்துவர் இருவரிடமிருந்து வந்த இரண்டு சீட்டுகளில், ஒரே மருந்து இருவேறு வணிகப் பெயர்களில் இருப்பதும் உண்டு. அதை முதியவர் கண்டுபிடிக்க வேண்டும் என எதிர்பார்ப்பது முறையன்று. எல்லா மாத்திரைகளையும் ஒரே பையில் போட்டு மருத்துவமனைக்குக் கொண்டுவரச் சொல்வதே அவருக்குரிய பாடம். ஒப்பிட்டு நீக்குவது மருத்துவரும் மருந்தாளுநரும் செய்யவேண்டிய பணி.

முடிவுரை

19ஆம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய மருத்துவர் சாமுவேல் கிறீன், மேலைமருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்து, மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். அம்முயற்சியும் அதன்பின் வந்த கலைச்சொல்லாக்க முயற்சிகளும் மருத்துவம் கற்போரை நோக்கியவை. மருந்து உட்கொள்வோரை நோக்கிய தமிழ் இன்னும் போதிய கவனத்தைப் பெறவில்லை. இக்கட்டுரையின் வழிப் பெறப்படும் முடிவுகள் வருமாறு:

மருந்து அறிவுறுத்தலில் நேரும் பிழைகளுள் ஒரு பகுதி, வேளை, வெறும் வயிறு, போடுதல் போன்ற அன்றாடச் சொற்களின் பொருள்விரிவால் நேர்கிறது. கலைச்சொல் அருமையைக் காட்டிலும் எளிய சொல்லின் பலபொருள்தன்மையே இங்குக் கூடுதல் கவனத்திற்குரியது.

'இரத்தக் கொதிப்பு' போன்ற நோய்ப்பெயர்களும், 'மண்டலம்' போன்ற கால வழக்குகளும் மருந்தை இடையில் நிறுத்தும் முடிவிற்கு அடிப்படையாகலாம். அவற்றை எதிர்கொள்ளும் தொடர் பாடத்தின் தொடக்கத்திலேயே இடம்பெற வேண்டும்.

குறும்பாடம் ஒரே செயலைச் சுட்டி, அதனை ஒரு பழக்கத்தோடு பிணைத்து, சொல்லிக்காட்டலோடு நிறைவுறும்போதே கல்வி செயலாக மாறுகிறது.

வட்டாரந்தோறும் முதியோர் வேளையையும் உணவையும் குறிக்கும் வழக்குகளைத் தொகுத்தல், மருந்துச் சீட்டுக் குறிகளுக்கு நிகரான தமிழ்த் தொடர்களை முதியோரிடமே சொல்லிப் பார்த்துத் தேர்தல், தன்னார்வலர் பேசும் மொழியைப் பதிவுசெய்து ஆராய்தல் ஆகியவை தமிழ்த்துறைகள் மேற்கொள்ளத்தக்க ஆய்வுக்களங்களாகும். இப்பணியில் மருத்துவமும் மருந்தியலும் தமிழியலோடு இணைந்து இயங்குதல் வேண்டும்.